ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்

"தூக்கம் வரலீங்க சார்" என்றுதான் வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். மனநல மருத்துவரிடம் தூக்கத்தைச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் பலரிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கும். கூட வந்த மனைவி வாய் திறக்கவில்லை. பையிலிருந்து மூன்று அடகுச் சீட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆன்லைன் ரம்மி. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எப்படிப் போயிற்று இவ்வளவு பணம் என்று கேட்டேன். "இது லக்கு இல்லீங்க சார், மூளை. நான் நல்லா ஆடுவேன். கடைசியில ஒரே ஒரு கார்டுல போச்சுங்க."

இதே வாதம்தான் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நீதிமன்றங்களிலும் நடக்கிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் சீட்டாடியது தொடர்பான வழக்கில், 1967இல் உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை எடுப்பது எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும், அதனால் திறமை, வெறும் அதிர்ஷ்டச் சூதாட்டம் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகத் தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு இதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, மறுபடி சட்டசபை என்று 2023 ஏப்ரலில்தான் புதுச் சட்டம் ஒப்புதல் பெற்றது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, தடைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது.

சட்டத்துக்கு அந்தப் பிரிவினை தேவையாக இருக்கலாம். என் அறைக்குள் அதனால் ஒரு பயனும் இல்லை. 'எனக்குத் திறமை இருக்கிறது' என்ற நம்பிக்கைதானே ஆளை எழவிடாமல் பிடித்து வைக்கிறது! லாட்டரியில் தோற்றவர் அதிர்ஷ்டத்தைத் திட்டிவிட்டுப் போகலாம். ரம்மியில் தோற்றவருக்கு அடுத்த ஆட்டத்தில் திருத்திக்கொள்ள ஒரு தப்பு இருக்கிறது. விட்டதைப் பிடிக்க உட்காருவார். மயிரிழையில் தவறுவது மூளைக்குத் தோல்வியாகப் படுவதில்லை, கிட்டத்தட்ட ஜெயித்ததாகவே படுகிறது.

திருவிழாவில் அரசமரத்தடியில் ஆடுவதை நினைத்துப் பாருங்கள். சீட்டைக் கலைத்துப் போடவே ஒரு நிமிஷம் ஆகும். ஒருவருக்குத் தூக்கம் வரும், இன்னொருவர் வீட்டம்மா வந்து சத்தம் போடுவார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பையில் இருக்கிற காசு தீரும். அந்தக் காலத்து ஒழுங்குமுறை ஆணையம் சட்டைப் பைதான். போனில் அந்த வேகத்தடைகள் ஒன்றும் கிடையாது. எந்நேரமும் எதிரே ஆள் உண்டு. காசு தீர்ந்தால் அதே போனில் லோன் ஆப் இருக்கிறது.

அதனால்தான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளைப் படித்தபோது, இதை எழுதியவர்கள் நோயாளிகளிடம் பேசியிருப்பார்கள் போல என்று தோன்றியது. பதினெட்டு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, ஆதார் சரிபார்ப்பு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால், எவ்வளவு நேரம் ஆடினாய், எவ்வளவு செலவழித்தாய் என்று அரை மணிக்கு ஒருமுறை திரையில் காட்ட வேண்டும். அப்புறம், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழையவே முடியாது.

அந்தக் கடைசி விதியைக் கேலி செய்தவர்கள் உண்டு. பகலில் ஆடுபவன் கெட்டுப்போக மாட்டானா என்றார்கள். கெடுவான்தான். ஆனால் என்னிடம் வந்தவர்களின் பெரிய நஷ்டங்கள் பெரும்பாலும் ராத்திரிக் கணக்கு. வீடு தூங்குகிறது, கேட்க ஆளில்லை, விடிந்தால் வட்டிக்காரர் வருவார். களைத்த மூளைக்கு நிறுத்தும் சக்தி குறைவு. தற்கொலை எண்ணம் வருவதும் அதிகம் அந்த நேரத்தில்தான். நிறுவனங்கள் வழக்குப் போட்டும், ஜூன் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே ஒட்டுமொத்தமாகத் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் கிடையாது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் குற்றம். வங்கிகள் இந்த ஆட்டங்களுக்குப் பணம் அனுப்பிவைக்கக் கூடாது. நான் இதை வரவேற்கிறேன். கொஞ்சம் பயத்தோடு. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரி நின்றது. குடும்பங்கள் மூச்சு விட்டன, உண்மை. ஆனால் மூணு நம்பர் லாட்டரி விற்றுப் பிடிபடுகிறவர்கள் செய்தி இன்றும் வருகிறது. வெளிநாட்டிலிருந்து நடத்தும் ஆப்பில் நள்ளிரவுப் பூட்டும் கிடையாது, எச்சரிக்கைத் திரையும் கிடையாது. பணம் போகும் வழியை அடைப்பதில்தான் இந்தச் சட்டத்தின் உயிர் இருக்கிறது.

குடும்பத்தினர் என்னிடம் கேட்பது, "போலீஸ் பிரச்சனை வருமா சார்?" மத்தியச் சட்டம் விளையாடியவரைத் தண்டிப்பதில்லை. டாக்டரிடம் சொல்வது ரகசியம், அதற்கும் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒழுக்கக் கேடு என்று நினைத்தும் பலர் வராமல் இருக்கிறார்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மாத்திரைகளால், வாழ்நாளில் சீட்டையே தொடாதவர்கூடச் சூதாட ஆரம்பிப்பதுண்டு. மருந்தை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஒழுக்கம் மாத்திரையிலா இருக்கிறது?

கடனை மொத்தமாக அடைத்து "இனிமேல் ஆடாதே" என்று சத்தியம் வாங்குவதுதான் வீட்டில் எல்லோரும் செய்யும் தப்பு. கடன் இல்லாத நிம்மதி அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிவிடும். எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், முதல் தாளில் முழுதும் வராது. பணம் கொஞ்ச நாள் வேறொருவர் கையில் இருக்கட்டும். "செத்துடலாம் போல இருக்கு" என்று சொன்னால் மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

கட்டிங் மாஸ்டரின் சம்பளம் இப்போது மனைவி கணக்குக்குப் போகிறது. சனிக்கிழமை டீச் செலவுக்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொள்கிறார், கொஞ்சம் கோபத்தோடு. தடை வந்து இரண்டு மாதம் கழித்து வந்தபோது, அவராகவே போனை நீட்டினார். தெரியாத நம்பரிலிருந்து ஒரு லிங்க், சேர்ந்தால் ஐந்நூறு ரூபாய் போனஸ். "இன்னும் தொடலீங்க சார். இத எப்படிங்க தடுக்கறது?" எனக்கும் தெரியவில்லை. வெளியே டோக்கன் கொடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் வாங்கி இரண்டு தட்டுத் தட்டி நம்பரை பிளாக் செய்து கொடுத்தார். "நாளைக்கு வேற நம்பர்ல வரும்ணா, அப்பவும் எடுத்துட்டு வாங்க" என்றார்.