வடிப்பது 180 லிட்டர், விடுவது ஒன்றரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூசம் கொளுத்தும் கோடையில் வருகிறது. கடற்காற்றின் ஈரத்தால் வியர்வை எளிதில் உலராத அந்நாளில், வெறுங்காலுடன் காவடி சுமந்து நடப்பவருக்கு மாலையில் கழியும் சிறுநீர் அளவில் குறைந்தும் நிறத்தில் அடர்ந்தும் இருக்கும். நீர் குறைந்ததால் சிறுநீரகம் வடிகட்டுவதைக் குறைத்துக்கொண்டது என்றே பலரும் இதற்குப் பொருள் கொள்கிறார்கள். நீரிழப்பு மிகக் கடுமையானால் ஒழிய, வடிகட்டல் பெரிதாகக் குறைவதில்லை. வடித்ததைத் திரும்பப் பெறுவதுதான் கூடுகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான்கள் எனப்படும் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 10 லட்சம் உள்ளன. அவை ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருக்கும் குளோமெருலஸ் என்ற நுண்குழல் முடிச்சு, இரத்த அணுக்களையும் பெரிய புரதங்களையும் தடுத்து நிறுத்தி, நீரையும் உப்பு, சர்க்கரை, யூரியா போன்றவற்றையும் கடக்க விடுகிறது. இரண்டு சிறுநீரகங்களும் இவ்வாறு நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர், அதாவது நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிக்கின்றன. உடலில் உள்ள பிளாஸ்மாவோ, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியோ, 3 லிட்டர்தான். அது ஒரே நாளில் 60 முறை வடிகட்டப்படுகிறது என்பது எத்தனை முறை எண்ணினாலும் வியப்பே. இரத்தத்தின் அளவு குறையும்போது சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன், குளோமெருலஸிலிருந்து வெளியேறும் குழலை இறுக்கி, உள்ளே அழுத்தம் வீழாமல் காக்கிறது.

வடிந்த நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நெஃப்ரானின் முதற்பகுதியிலேயே இரத்தத்துக்குத் திரும்பிவிடும். நாம் நீர் குடித்தோமா இல்லையா என்பதைப் பொறுத்த முடிவு கடைசியில், நெஃப்ரான்களின் நீர் வந்து சேரும் சேகரிப்புக் குழாயில் நிகழ்கிறது. இரத்தத்தின் உப்புச்செறிவு 1 முதல் 2 விழுக்காடு கூடினாலே மூளையின் ஹைபோதலாமஸ் அதை உணர, வாசோபிரசின் இரத்தத்தில் கலக்கிறது. அந்த ஹார்மோன் வந்து சேர்ந்ததும், குழாய்ச் சுவரின் செல்களுக்குள் சிறு பைகளில் காத்திருக்கும் அக்வாபோரின் என்ற நீர்வழிகள் செல்லின் மேற்பரப்புக்கு நகர்ந்து பொருந்துகின்றன. நெஃப்ரானின் நடுப்பகுதியான ஹென்லே வளைவு தன்னைச் சூழ்ந்த திசுவை முன்பே மிகுந்த உப்புச்செறிவுடன் வைத்திருப்பதால், நீர் அவ்வழிகளின் ஊடே தானாக வெளியேறி இரத்தத்தை அடைகிறது. சிறுநீர் பிளாஸ்மாவைவிட நான்கு மடங்கு வரை செறிவடைகிறது. உயிரணுக்களின் இந்த நீர்வழிகளைக் கண்டறிந்ததற்காகவே பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நீர் குடித்து இரத்தம் நீர்த்ததும் வாசோபிரசின் அடங்கும், நீர்வழிகள் செல்லுக்குள் திரும்பும், சிறுநீர் தெளியும். ஆனால் நெடுநேர உடலுழைப்பு, வலி, குமட்டல் ஆகியவை, இரத்தம் நீர்த்த பிறகும் வாசோபிரசினைச் சுரக்கவைக்கக்கூடும். அந்நிலையில் வெறும் நீரை மட்டும் லிட்டர் கணக்கில் அடுத்தடுத்துக் குடித்தால், சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற இயலாமல், இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து மூளை வீங்கும் அபாயம் உண்டு.