'எக்ஸ்ப்ளெயின் மீ' ஏன் உறுத்துகிறது?

'டெல் மீ த ரீசன்' சரி. 'எக்ஸ்ப்ளெயின் மீ த ரீசன்' தப்பு. 'எக்ஸ்ப்ளெயின் த ரீசன் டு மீ' என்றுதான் சொல்ல வேண்டும். சொல்வதும் விளக்குவதும் ஏறக்குறைய ஒரே வேலைதானே, இதில் ஏன் இந்த ஓரவஞ்சனை?

தமிழில் இந்தத் தொல்லை கிடையாது. 'கு' உருபைச் சேர்த்து 'எனக்கு' என்றால் போதும், சொல்வதற்கும் ஆகும், விளக்குவதற்கும் ஆகும். ஜெர்மன் மொழியிலும் இப்படித்தான். அதனால் அவர்களும் நம்மைப் போலவே 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்று தாராளமாக எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்தின் இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னால் ஒரு படையெடுப்பு இருக்கிறது. டெல், கிவ், சென்ட், ஷோ எல்லாம் பழைய ஆங்கிலச் சொற்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு, லத்தீன் சொற்கள் வெள்ளமாக வந்தன. எக்ஸ்ப்ளெயின் லத்தீன் வழி வந்தது. 'மீ'யை ஒட்டி வைத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலும் பழைய குடிகளுக்குத்தான்.

சரி, மூன்று வயதுக் குழந்தைக்கு லத்தீன் தெரியுமா? தெரியாது. ஆனால் காது இருக்கிறது. பழைய வினைகள் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். வந்தேறிகள் நீளமானவை, அழுத்தமும் பின்னால் விழும். 'ப்ராமிஸ்' லத்தீன்தான், ஆனால் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் 'ப்ராமிஸ் மீ' உறுத்துவதில்லை. மொழி உளவியலாளர் ஸ்டீவன் பிங்கரும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், இல்லாத வினைகளைப் புதிதாக உருவாக்கி இதைச் சோதித்தார்கள். இந்த வாக்கிய அமைப்பில் நீளமான போலி வினைகளைவிடக் குட்டையானவையே பெரியவர்களின் காதுக்கு இயல்பாகப் பட்டன.

ஆனால் 'ஸே' இந்தக் கணக்கைக் கெடுக்கிறது. பழைய ஆங்கிலச் சொல், ஓரசை, இருந்தும் 'ஸே மீ த ரீசன்' என்று யாரும் சொல்வதில்லை. இங்கே ஓசை உதவாது. மொழியியலாளர் அடேல் கோல்ட்பெர்க் தரும் விளக்கம் வேறு: ஒரு வடிவத்தை எதிர்பார்க்கும் இடத்திலெல்லாம் திரும்பத் திரும்ப வேறொன்றையே கேட்டால், எதிர்பார்த்தது செல்லாது என்று மூளை முடிவு கட்டிவிடும். ஆயிரம் முறை 'டு மீ' என்று கேட்ட குழந்தையை யாரும் திருத்த வேண்டியதில்லை.

பிற்பாடு ஆங்கிலம் கற்பவர்களுக்கு, காதில் விழாத வடிவத்தைக் கழித்துவிடும் இந்தக் கணக்கு சரியாக வருவதில்லை. கிளாரிஸ் ரோபனால்ட்டும் கோல்ட்பெர்க்கும் ஆராய்ந்தபோது, மிக உயர்ந்த தேர்ச்சி பெற்றவர்களிடம்தான் அது தென்பட்டது.