எழும்பாத சிட்டையும் எண்ணுவது எப்படி?

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “குளத்தில் நிற்கும் கொக்கை எண்ணிவிட்டேன். புல்லுக்குள் பதுங்கியிருப்பதை எப்படி எண்ணுவது?”

அமெரிக்கப் புல்வெளிச் சிட்டுகளை எண்ணுபவர்களுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இதே கேள்விதான். பெயர்தான் சிட்டு, நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் குடும்பம் வேறு. கோடையில் ஆண்கள் புல் நுனியில் உட்கார்ந்து பாடும்போது காதாலேயே எண்ணிவிடலாம். குளிருக்கு டெக்சாஸ், லூசியானா பக்கம் இறங்கியதும் பாட்டு நின்றுவிடும். அங்கே கடலோரப் புல்வெளியில் நான் பார்த்த லெகான்ட் சிட்டு, காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பி, தாழப் பறந்து, புல்லுக்குள் விழுந்தது. அதற்கு முன் ஒரு தண்டில் இரண்டு நொடி தொற்றி நின்றது: ஆரஞ்சுப் புருவம், சாம்பல் கன்னம். அவ்வளவுதான் கிடைத்தது.

1900 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்கப் பறவையியலாளர் ஃப்ராங்க் சாப்மன் 27 பேருடன் 25 இடங்களில் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. 24 கி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் ஒரே நாளில் கண்டதையெல்லாம் எண்ணுவார்கள். வாத்துக்கு அது போதும், சிட்டுக்குப் போதாது.

சிட்டு ஆய்வாளர்களின் கணக்கு வேறு. எத்தனை முறை படித்தாலும் என்னைச் சொக்கவைப்பது அதுதான். புல்வெளியில் நேர்கோடு ஒன்று போட்டு, அதன் வழியே நடக்கிறார்கள். சிட்டு எழும்பிய இடம் கோட்டிலிருந்து பக்கவாட்டில் எத்தனை மீட்டர் என்று குறிக்கிறார்கள். 5 மீட்டருக்குள் 20 சிட்டு, 5 முதல் 10 வரை 12, 10 முதல் 15 வரை 4 என்று வைத்துக்கொள்வோம். கோடு நம் இஷ்டத்துக்குப் போட்டது. சிட்டுகளுக்கு அது தெரியாது. ஆகவே மூன்று பட்டையிலும் ஏறக்குறைய ஒரே அளவு சிட்டுகள்தான் இருந்திருக்க வேண்டும். தூரம் கூடக் கூடக் குறைந்தவை சிட்டுகளல்ல, நம்மிடம் சிக்கியவை. முதல் பட்டையில் ஒன்றும் தப்பவில்லையென்றால் மொத்தம் 60. கண்டது 36. ஒளிந்திருந்த 24 சிட்டுகளை, ஒன்றைக்கூடப் பார்க்காமல் எண்ணியாயிற்று!

ஆனால் கோட்டின் மேலேயே இருக்கும் சிட்டு, எலி போலப் புல்லடியில் ஓடி நழுவினால் கணக்கு குறைந்துவிடும். அதனால் சில ஆய்வுகளில் கயிற்றைப் புல்மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். கூழாங்கல் போட்ட பிளாஸ்டிக் புட்டிகளை அதில் கட்டியிருப்பார்கள். சலசலப்பில் பதுங்கியவையும் கிளம்பிவிடும்.

1970-க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆண்டுதோறும் விடாமல் எண்ணியவர்கள் இருந்ததால்தான் அந்த இழப்பே தெரிய வந்தது. இப்படிப்பட்ட நீண்டகால எண்ணிக்கைக்குத் தொடர்ந்து பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். நம்மூரிலோ புல்வெளியைத் ‘தரிசு’ என்று எழுதிவைத்து மரம் நட வந்துவிடுகிறோம். மரம் வளர்ந்தால் புல்வெளிப் பறவைக்கு இடமேது?

கேள்வி கேட்டவருக்கு: அடுத்த பொங்கலுக்கு வானம்பாடியும் நெட்டைக்காலியும் உள்ள புல்வெளியில் கோடு போட்டு நடந்து பாருங்கள். பறவை இறங்கிய இடத்தை அல்ல, கிளம்பிய இடத்தை அளக்க வேண்டும். கயிறு வேண்டாம், ஏதாவது கூடு கட்டியிருக்கலாம்.