மூச்சை எண்ணி மீன் பிடிக்கிறார்கள்

அமேசான் ஆற்றுப் படுகையின் ராட்சத மீன் அரபைமா. மூன்று மீட்டர் நீளம், 200 கிலோ வரை வளரும். பிரேசில்காரர்கள் இதை 'பிராருக்கு' என்பார்கள். செவுள் மட்டும் இதற்குப் போதாது. 5 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். வராவிட்டால் மீனாக இருந்தும் மூச்சுத் திணறிச் சாகும். மேலே வரும் அந்த நொடிக்காகத்தான் மீனவர்கள் ஈட்டியோடு படகில் காத்திருப்பார்கள். இப்படியே பிடித்துப் பிடித்துப் பல ஏரிகளில் இனமே அருகிப்போனது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒன்றரை மீட்டருக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது, டிசம்பர் முதல் மே வரை பிடிக்கவே கூடாது என்று விதிகள் இருந்தன. 1996இல் பிரேசிலின் அமேசானாஸ் மாநிலம் ஒரேயடியாகத் தடை போட்டது. சரி, 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் ஆறும் காடுமாகக் கிடக்கும் இடத்தில் யார் போய்ப் பார்ப்பது? தடை காகிதத்தில் இருந்தது, மீன் திருட்டுத்தனமாகச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது.

1999இல் அதே மாநிலத்தின் மாமிராவா இயற்கைக் காப்பகத்தில் வேறொரு ஏற்பாடு தொடங்கியது. மீனவர்களே மீனை எண்ணித் தர வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்து, தடைக்கு விலக்காக அரசு அனுமதி தரும். எண்ணுவது எப்படி? நீர் வற்றும் பருவத்தில், ஆளுக்கு ஒரு பகுதியாக ஏரியைப் பிரித்துக்கொண்டு 20 நிமிடம் அசையாமல் கவனிப்பார்கள். மேலே வரும் மீன் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் கணக்கில் சேரும். ஒன்றரை மீட்டரைத் தாண்டியது பெரியது, மற்றது குட்டி. வந்த மீனே திரும்ப வருகிறதா, வேறொன்றா என்பதை அசைவையும் சத்தத்தையும் வைத்தே பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். விஞ்ஞானிகளுக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லாதிருந்தால் அது நியாயமே. ஆனால் மீனுக்கு அடையாளம் இட்டு விட்டு, மறுபடி பிடித்துக் கணக்கிடும் முறையோடு ஒப்பிட்டபோது, கைதேர்ந்த மீனவர்களின் எண்ணிக்கை அதோடு நன்றாகவே பொருந்தியது. ஆகும் செலவோ அதில் ஒரு சிறு பங்குதான்.

பெரிய மீன்களில் அதிகபட்சம் 30 சதவீதத்தைப் பிடிக்கலாம். ஒவ்வொரு மீனிலும் எண் பொறித்த வில்லை மாட்ட வேண்டும். வில்லை இல்லாத மீன் சந்தையில் திருட்டு மீன். மாமிராவாவின் ஜராவா பகுதியில் எட்டே ஆண்டுகளில் அரபைமா ஏறக்குறைய ஒன்பது மடங்கானது.

எனக்கு முக்கியமாகப் படுவது 30 சதவீதம் அல்ல. எண்ணியவர்களின் சங்கத்துக்கே அனுமதி கிடைக்கிறது என்பதுதான். பிரேசிலில் ஆறும் ஏரியும் பொதுச் சொத்து, யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. 2002இல் வந்த மீன்பிடி ஒப்பந்த விதியும், ஊர்கள் கூடி எழுதும் கட்டுப்பாடு ஒரு கூட்டத்துக்குச் சலுகையாக இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் இந்த ஏரி இனப்பெருக்கத்துக்கு, இது வீட்டுச் சாப்பாட்டுக்கு, இது விற்பனைக்கு என்று பிரித்துவிட்டு, அரபைமா அனுமதியையும் கையில் வைத்திருப்பவர்களுக்கு அடுத்த வருட மீனைக் காக்க ஒரு காரணம் இருக்கிறது. அமேசானாஸின் ஜுருவா ஆற்றங்கரையில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, காவல் உள்ள ஏரியில் சராசரியாக 300க்கு மேல் அரபைமா இருந்தன. யார் வேண்டுமானாலும் பிடிக்கும் ஏரியில் 9.

அந்தக் காவல்தான் சிக்கல். ஏரி வாயில் மிதக்கும் வீட்டில் ராப்பகலாக முறைபோட்டு இருப்பவர்கள் ஊர்க்காரர்கள்தான். படகுக்கு டீசலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. இந்தச் செலவு இல்லாத திருட்டு மீன் சந்தையில் விலையைக் கீழே இழுக்கிறது. உயிருக்கும் ஆபத்து உண்டு. அதே மாநிலத்தின் ஜவாரி பள்ளத்தாக்கில் பழங்குடிகளின் கண்காணிப்புக் குழுவோடு வேலை செய்த புரூனோ பெரெய்ராவும், உடன் சென்ற பத்திரிகையாளர் டாம் பிலிப்ஸும் 2022 ஜூனில் கொல்லப்பட்டது இந்தச் சட்டவிரோத மீன்பிடிப்பை ஒட்டித்தான்.