மசாஜ் செய்த கழுத்து ஏன் மறுபடி இறுகுகிறது?

"மசாஜ் முடிந்து எழுந்தால் கழுத்து பஞ்சு மாதிரி இருக்கிறது. இரண்டே நாளில் பழையபடி கட்டையாகிவிடுகிறது, ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

முதலில் ஒரு நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். தேய்த்துவிட்டால் நச்சு வெளியேறும், லாக்டிக் அமிலம் கரையும் என்கிறார்கள். உழைத்த தசையில் சேரும் லாக்டேட்டை, அதாவது லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவத்தை, உடலே ஒன்றிரண்டு மணி நேரத்தில் அப்புறப்படுத்திவிடும். அதற்கு இன்னொருவர் கை வேண்டியதில்லை. படித்தவர்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மை இதைவிட எவ்வளவோ அழகானது.

தசைகளுக்குள் சில மில்லிமீட்டர் நீளத்தில் தசைக்கதிர்கள் என்ற உணரிகள் புதைந்திருக்கின்றன. கதிருக்குள் மெல்லிய இழைகள். அவற்றைச் சுருளாகச் சுற்றிய நரம்பு முனை. தசை நீண்டால் சுருள் விரியும், செய்தி தண்டுவடத்துக்கு ஓடும், "சுருங்கு" என்ற கட்டளை திரும்பி வரும். மருத்துவர் முழங்காலில் தட்டியதும் கால் துள்ளுவது இப்படித்தான். இதுவரை பள்ளிப் பாடம்.

அந்த இழைகளுக்கென்றே தனி நரம்புகள் உண்டு என்பதுதான் நான் ரசித்து ரசித்துப் படித்த இடம். காமா நரம்பணுக்கள் என்று பெயர். அவற்றின் வேலையை 1945-ல் ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் தெளிவாக்கினார். தந்திக்கு முறுக்கேற்றுவதுபோல அவை கதிரின் இழைகளை இழுத்துப் பிடிக்கின்றன. முறுக்கு கூடினால் துளி நீட்சிக்கும் கதிர் கூச்சலிடும். தளர்ந்தால் அதே நீட்சியை அமைதியாக விட்டுவிடும். எவ்வளவு முறுக்கு என்பதில் மூளையின் கையும் இருக்கிறது. மண்டையோட்டின் அடிவாரத்தில், பின்கழுத்தில் இருக்கும் சிறு தசைகளில் இந்தக் கதிர்கள் மிக நெருக்கமாக நிறைந்திருக்கின்றன.

மசாஜ் செய்யும் கை இந்தச் சுற்றைத்தான் தணிக்கிறது. கெண்டைக்கால் தசையை அழுத்திப் பிசையும்போது தண்டுவட அனிச்சை, அதாவது தண்டுவடத்தின் கட்டளையால் தசை தானாகச் சுருங்குவது, குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கையை எடுத்த சிறிது நேரத்திலேயே அது பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. கீழ்முதுகு வலி பற்றிய 2015-ம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வும் (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் அறிக்கை), மசாஜால் கிடைக்கும் நிவாரணம் குறுகிய காலத்துக்கே என்றது. அதுவும் ஆதாரங்களின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையோடு. காப்புரிமை வாங்க முடியாத சிகிச்சையை ஆராயப் பணம் போட நிறுவனங்கள் அவ்வளவாக முன்வருவதில்லை. பொது நிதிதான் இந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

அப்படியானால் தளர்வை நீட்டிக்க என்ன வழி? நாமே அசைவதுதான். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் எடைகளை வைத்துச் சோதித்தார். அசையாத கையில் எடையை வைத்தபோது ஏறக்குறைய 30-ல் 1 பங்கு வித்தியாசம் இருந்தால்தான் தெரிந்தது. தானே தூக்கிப் பார்த்தபோது 40-ல் 1 பங்கே போதுமாக இருந்தது. பிறர் நம்மை அசைக்கும்போது மூளைக்கு வந்துசேரும் செய்தி மட்டுமே உண்டு. நாமே அசையும்போது, தான் அனுப்பிய கட்டளையையும் வந்த செய்தியையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. இந்த ஒப்பீடு இருந்தால்தான் தளர்ந்த புதிய முறுக்கு அளவு பழக்கமாகும் என்பது என் கருத்து.

வேகம் கூடாது என்பதற்கும் காரணம் கதிர்தான். எவ்வளவு நீண்டது என்பதோடு எவ்வளவு வேகமாக நீண்டது என்பதையும் அது சொல்கிறது. வெடுக்கென்று இழுத்தால் தசை எதிர்த்துச் சுருங்கும்.

மசாஜ் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். மல்லாந்து படுத்தபடியே, தலையைத் தூக்காமல், மூக்கு நுனி ஒரு விரல் அகலம் மட்டும் வலப்புறம் போகும்படி உருட்டுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தாடை இறுகுகிறதா, எந்தத் தோள் முதலில் உதவிக்கு வருகிறது என்று கவனியுங்கள். வந்தால் அசைவைப் பாதியாகக் குறைத்து, அந்தத் தோள் சும்மா இருக்கும்வரை மெதுவாக உருட்டிக்கொண்டிருங்கள். கை மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ இதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.