சொல் விளக்கம்: நற்செய்தி ‘ஹார்மனி’க்குத் தமிழ் என்ன?

நத்தார் (கிறிஸ்துமஸ்) காலத்தில் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கமோ பொகவந்தலாவைப் பக்கமோ எந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்குப் போனாலும், பாலன் குடிலில் ஒரு பக்கம் இடையர்களும் மறுபக்கம் ஞானிகளும் நிற்பார்கள். இடையர்களைச் சொன்னவர் லூக்கா. அவர் ஞானிகளைப் பற்றிப் பேசவே இல்லை. ஞானிகளைச் சொன்ன மத்தேயுவோ, அவர்கள் ‘வீட்டுக்குள்’ போய்ப் பிள்ளையைக் கண்டதாக எழுதுகிறார். முன்னணை அங்கே கிடையாது. பெரிய வெள்ளியன்று தியானிக்கும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளும் இப்படித்தான். மூன்று லூக்காவில், மூன்று யோவானில், மீதி ஒன்று மத்தேயுவிலும் மாற்கிலும். எந்த நூலிலும் ஏழும் சேர்ந்து இல்லை.

மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்னும் நான்கு நற்செய்தி நூல்களின் செய்திகளைப் பொருத்தி ஒரே வரலாறாகச் சொல்வதையும், அவை முரண்படுவதாகத் தோன்றும் இடங்களில் பொருத்தம் காட்டுவதையும் இறையியல் வகுப்பில் ‘ஹார்மனி’ என்பார்கள். பெயர் தெரியாமலே குடில் கட்டும் பிள்ளைகள்கூட இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சொல் கிரேக்கம். ‘ஹார்மோனியா’ என்றால் முதலில் தச்சு வேலையில் பலகையோடு பலகை சேரும் பொருத்து. ஹோமரின் ‘ஒடிசி’யில் ஒடிசியஸ் தெப்பம் கட்டும்போது இந்தச் சொல்தான் வருகிறது. சுரங்களின் பொருத்தம் என்ற இசைப் பொருள் அதையொட்டி வந்தது. நற்செய்திகளுக்கு இந்தப் பெயரைச் சூட்டிப் புத்தகம் போட்டவர் ஜெர்மானிய இறையியலாளர் ஒசியாண்டர், 1537இல். வேலை அதைவிட மிகப் பழையது. ஏறக்குறைய 170இல் தாத்தியான் என்ற சிரியக் கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கையும் ஒரே நூலாக்கினார். அதன் பெயர் ‘தியாதெசரோன்’, ‘நான்கின் வழியாக’ என்று பொருள். கிரேக்க இசையில் நம் ச–ம இடைவெளிக்கும் அதுவே பெயர். சிரியத் திருச்சபை அதைப் பல தலைமுறை வாசித்தது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோதொரேத் இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகளை அகற்றி, நான்கு நூல்களையும் தனித்தனியாகத் திரும்ப வைத்தார். அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். நான்கு சாட்சிகளை ஒருவராக்கினால் மூன்று சாட்சிகளை இழக்கிறோம்.

தமிழுக்கு வருவோம். ‘சமரசம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது, சண்டை போட்ட இருவர் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் சமரசம். ‘ஒப்புரவாக்குதல்’ வேதாகமத்தில் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவுக்கு உரிய சொல். திருக்குறளின் ‘ஒப்புரவறிதல்’ அதிகாரத்திலோ அது ஊருக்கு உதவும் பண்பு. அதை நூல்களுக்கு இழுப்பது குழப்பம்தான். ‘ஒத்திசைவு’ நல்ல சொல், புழக்கத்திலும் இருக்கிறது. ஆனால் ‘இசைவு’ என்பதே போதும். ‘இசைதல்’ என்பதற்குப் பொருந்துதல், உடன்படுதல், ஒலித்தல் என மூன்று பொருளும் உண்டு. பொருத்தும் இசையும் ஒரே வேரில் கிரேக்கத்தில் இருப்பதுபோலவே தமிழிலும் இருக்கின்றன. கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

‘இசைவு’க்கு முன்னால் போடும் சொல் உங்கள் சபையைப் பொறுத்தது. திருநெல்வேலி உபதேசியார்கள் வழியாகத் தோட்டங்களுக்கு வந்த புரட்டஸ்தாந்து மரபில் ‘சுவிசேஷம்’. 1995இன் பொது மொழிபெயர்ப்பை வாசிக்கும் கத்தோலிக்கருக்கு ‘நற்செய்தி’. தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் இரண்டும் கேட்கும். இரண்டும் சரி.

ஓர் இடத்தை மட்டும் கிட்டப் பார்ப்போம். சீடரை அனுப்பும்போது மாற்கு 6:8இல் இயேசு, ஒரு தடியை மாத்திரம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மத்தேயு 10:10இல் தடியும் வேண்டாம். மலைப்பாதையில் நடக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார், 400 வாக்கில், மாற்கு சொல்லும் தடியை அதிகாரத்தின் அடையாளமாகக் கொண்டார். சீர்திருத்தவாதி கல்வின் 1555இல், ஒன்று சுமையாகும் தடி, மற்றது ஊன்றுகோல் என்றார். இன்னொரு வழி பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. மத்தேயுவில் ‘தேடிவைக்கவேண்டாம்’ என்று வருகிறது. அதாவது புதிதாகச் சம்பாதிக்காதே, கையில் இருப்பதோடு போ. கிரேக்க வினைச்சொல்லுக்கும் அதுவே பொருள். அழகான தீர்வு. ஆனால் லூக்கா 9:3 மாற்கின் அதே வினைச்சொல்லைப் போட்டு, தடியை எடுக்காதே என்கிறது. அங்கே இந்தத் தீர்வு நிற்காது.

இப்படிப்பட்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டு மூன்றாவது தடி ஒன்றைக் கற்பித்துக் கொடுப்பது இசைவு ஆகாது. ஒசியாண்டர் செய்தது ஏறக்குறைய அதுதான்: விவரம் மாறினால் நிகழ்ச்சியே வேறு என்றார். மூன்று நூல்களும் ஒரே குரலில் சொல்வது, பையும் காசும் இல்லாமல், போகும் வீட்டாரை நம்பிப் போ என்பதை. அதில் இசைவு இருக்கிறது. தடியில் இல்லை என்று ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லலாம். அவர்கள் விசுவாசம் அதனால் உடைந்துபோகாது.

எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். நான்கையும் சேர்த்துப் பின்னிய நூல் ‘இசைவு நூல்’. முரண் தீர்க்கும் முயற்சி ‘இசைவித்தல்’. பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, எதையும் கலக்காமல் காட்டுவது வேறு வேலை, அதற்கு ‘ஒப்புநோக்கு’. ஜெர்மானிய அறிஞர் கிரீஸ்பாக் 1776இல் வெளியிட்ட ‘சினோப்சிஸ்’ (‘சேர்த்துப் பார்த்தல்’) அந்த வகை. மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் ‘ஒத்தமை நற்செய்திகள்’ என்று அழைப்பதும் அந்தச் சொல்லிலிருந்து வந்ததே.