அருகில் போனால்தான் நல்ல படம் என்று யார் சொன்னது?

சென்ற மாதம் ஒரு தந்தை, தம் மகனின் கைபேசியை என் ஸ்டூடியோவின் மேசைமேல் வைத்தார். அதன் உறையின் ஓரத்தில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும், பையன் வாய்விட்டுச் சிரிக்கும் படம் இதில் ஒன்றுதான் இருக்கிறது, பின்னால் தண்ணீர் மட்டும் தெரியாமல் செய்துகொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, முன்பணத்தை எடுத்து வைத்தார். நான் அதை வாங்கவில்லை. அருவிக்கோ ஆற்றுக்கோ படம் எடுக்கப் போய்த் திரும்பாத பிள்ளையின் முகத்தை, அவன் கடைசியாக எடுத்துக்கொண்ட படத்திலிருந்து வெட்டி எடுத்துச் சட்டமிடும் வேலை எனக்கு இது மூன்றாவது முறை.

பின்னணியை நீக்குவதற்காகப் படத்தைத் திரையில் பெரிதாக்கியபோதுதான் அதைக் கவனித்தேன். ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள் இருந்தன. முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் ஏழு நிமிட இடைவெளி என்று கைபேசியே குறித்து வைத்திருந்தது. முதல் படத்தில், பையனுக்கு இடப்புறம் ஒரு தட்டைப் பாறை காய்ந்து கிடக்கிறது. அதன்மேல் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது. இரண்டாவது படத்தில் பாறையின் விளிம்பு மட்டும் நீருக்கு மேலே தெரிகிறது. செருப்பைக் காணவில்லை. கண்ணாடிபோல் இருந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கிறது. எடுத்தவரும் நின்றவரும் முகத்தைப் பார்த்தார்களே தவிர, தண்ணீரைப் பார்க்கவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் கடையின் வழியாகத்தான் ஞாயிறு காலையில் இளைஞர்கள் பைக்குகளில் கோரிமேடு தாண்டி ஏற்காட்டுக்கு ஏறுகிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் ஒளிப்படம் பழகியவர்கள். “அண்ணா, உங்கள் காட்டுமாடு படம்போல் ஒன்று எடுக்க வேண்டும், எவ்வளவு கிட்டப் போனீர்கள்?” என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர்கூட எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள் என்று கேட்டதில்லை. எத்தனை வகுப்புகளில் சொன்னாலும் மாறாத இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

படத்தில் ஒரு விலங்கு பெரிதாகத் தெரிந்தால், எடுத்தவர் அதன் அருகில் நின்றிருக்கிறார் என்று பொருள் அன்று. காட்டுமாட்டின் அந்தப் படத்தை நான் எடுத்தது ஒரு காப்பித் தோட்டத்துச் சாலையில், காரைவிட்டு இறங்காமல், சன்னல் விளிம்பில் அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்றை வைத்து, அதன்மேல் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் நீண்ட 400 மில்லிமீட்டர் லென்ஸைச் சாய்த்து. எனக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 80 மீட்டர் இருந்தது. உங்கள் கைபேசியின் முதன்மை லென்ஸ், கேமராக் கணக்கில் 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமமானது. அகன்ற காட்சிக்காகச் செய்யப்பட்டது. அந்த லென்ஸால் அதே விலங்கை அதே அளவில் எடுக்க வேண்டுமானால் நீங்கள் 5 மீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆறடித் தோளுயரமும் ஆயிரம் கிலோவை எட்டும் எடையும் உடையது. 5 மீட்டர் என்பது அதற்கு ஒரு மூச்சுக்கூட இல்லை.

இதில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. அகன்ற லென்ஸ் எல்லாவற்றையும் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளியும் சிறியதாகவும் காட்டும். பத்தடியில் நிற்கும் மாடு கைபேசித் திரையில் எங்கோ நிற்பதுபோல் தெரியும். ஆகவே திரையைப் பார்த்தபடியே இன்னும் நாலு அடி, இன்னும் நாலு அடி என்று கால் தானாகவே முன்னே போகும். நீண்ட லென்ஸ் இதற்கு நேர்மாறாகத் தூரங்களைச் சுருக்கி, முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒட்டிவைத்ததுபோல் காட்டும். மாட்டுக்கு 30 மீட்டர் முன்னால் ஒருவர் சாலையோரம் நின்றிருந்தால்கூட, படத்தில் அவர் அதன் கொம்பருகே நிற்பதுபோலத் தோன்றும். அதைப் பார்த்த இன்னொருவர், அவர் நின்றாரே, நமக்கென்ன என்று மெய்யாகவே கொம்பருகே போகிறார். காட்டுமாடு பக்கவாட்டில் திரும்பித் தன் முழு உடலையும் காட்டி நின்றால், அது படத்துக்காக நிற்கவில்லை. தன் உருவத்தைக் காட்டி எதிராளியை விலகச் சொல்லும் வழக்கம் அந்த இனத்துக்கு உண்டு. தலை தாழ்ந்து சீறல் கேட்டால் படமும் வேண்டாம், காணொலியும் வேண்டாம், முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள்.

பாம்பின் கணக்கு இதைவிடக் கொடியது. படம் விரித்த தலை சட்டகத்தை நிறைத்து நிற்கும் நாகத்தின் ஒளிப்படத்தை 300 மில்லிமீட்டர் லென்ஸால் 3 மீட்டர் தள்ளித் தரையில் படுத்து எடுக்கலாம். அதே அளவுக்குக் கைபேசியால் எடுக்க, கையை ஓர் அடிக்கும் குறைவான தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பு தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எட்டிக் கொத்தக்கூடியது. நாலரை அடி நாகத்துக்கு அது ஒன்றரை அடிக்குமேல் வருகிறது. அதாவது, அந்தப் படம் கைபேசியில் கிடைக்கும் இடமும் கடிபடும் இடமும் ஒன்றேதான்.

அது அசையாமல் சாதுவாகத்தான் கிடந்தது என்று சொல்கிறார்கள். கண்ணாடி விரியன் அப்படித்தான் கிடக்கும். தடித்த உடலையும் வட்டப் புள்ளிகளையும் பார்த்து மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பீடு சொல்கிறது. மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இலையோடு இலையாகச் சுருண்டிருக்கும் மூங்கில் குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. பச்சையாக அழகாக இருக்கிறதே என்று கிளையைக் கையால் விலக்கிப் படம் எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

யாரையாவது பாம்பு கடித்துவிட்டால், டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அதைப் படம் எடுக்கத் தேடிப் போகாதீர்கள். மருத்துவர்கள் அறிகுறிகளைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்குவார்கள். தள்ளி நின்று ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் காட்டலாம், அவ்வளவுதான். 108ஐ அழையுங்கள், மோதிரத்தையும் மணிக்கட்டுக் கயிற்றையும் கழற்றுங்கள், கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள். வீட்டுக்குள் வந்த பாம்பைப் பிடித்தவரிடம், கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்பதையும் நிறுத்துங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதை விளையாட்டாகப் பார்ப்பதில்லை. பள்ளி ஒளிப்படப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போது, பாம்பைக் கையில் பிடித்திருக்கும் படம் எதுவாக இருந்தாலும் நான் முதல் சுற்றிலேயே நீக்கிவிடுகிறேன். சில பெற்றோருக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு. இருக்கட்டும்.

நெருக்கம்தான் கலை என்றால், தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களில் யாளியைச் செதுக்கிய சிற்பி எந்த யாளியின் அருகில் போனார்? பாயும் உடலின் முறுக்கையும் பல்லின் கடுமையையும் அவர் தம் கைத்திறத்தால் கல்லில் கொண்டுவந்தார். 1920களில் வட இந்தியக் காடுகளில் புலிகளை இரவில் படமெடுத்த சாம்பியன் என்ற வன அதிகாரி, பாதையின் குறுக்கே கம்பியைக் கட்டி, புலியின் கால் பட்டதும் கேமரா தானே இயங்கும்படி செய்தார். புலி அருகில் வந்தது, அவர் அருகில் இல்லை. இன்றைய புலிக் கணக்கெடுப்புக்குக் காட்டில் பொருத்தப்படும் தானியங்கிக் கேமராக்களும் அந்த வழியில் வந்தவைதாம்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் தொழிலுக்கும் ஒரு பங்கு பழி உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேமராவுக்குள் ஒளியை விடும் ஷட்டரை அரை நொடியோ ஒரு நொடியோ திறந்து வைத்தால் அருவி பட்டு நூல்போல, பஞ்சுபோல விழும். அந்தப் படத்தில் நீரின் வேகம் முழுவதும் கரைந்துவிடுகிறது. ஏற்காட்டின் கிளியூர் அருவியை அப்படி எடுத்த படங்களை நானே பலருக்கு விற்றிருக்கிறேன். பார்த்தவர்கள் அந்த மென்மையை நம்பிக் கால் வைக்கப் போனார்களோ என்று இப்போது யோசிக்கிறேன். ஆயிரத்தில் ஒரு நொடியில் எடுத்தால்தான் அதே நீர் கல்லெறிபோல் சிதறுவது தெரியும். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன். அது ஓடிவந்து முழங்காலில் மோதினாலே நிற்பது கடினம், அதற்கு நீச்சல் தெரிந்திருப்பது உதவாது.

மேட்டூரில் அணை நிரம்பி 16 கண் மதகு திறக்கப்படும்போதெல்லாம் கரையில் கைபேசிகள் கூடிவிடுகின்றன. நொடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால், நொடிக்கு 28 லட்சம் லிட்டர். அறிவிப்பு வந்தபின் கீழே பாறையில் இறங்கி நிற்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஒகேனக்கல்லிலோ பாறை வழுக்கலும் உண்டு, சுழலும் உண்டு, காவிரியில் முதலையும் உண்டு. அணையில்லாத மலை ஓடைகளில் அறிவிப்பு செய்யவும் ஆள் கிடையாது. 2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே ஆனைவாரி அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து, தாயும் கைக்குழந்தையும் பாறையில் சிக்கிக்கொள்ள, இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்து அவர்களை மீட்ட காணொலி தமிழ்நாடு முழுவதும் பரவியது. எல்லாரும் அந்த இளைஞர்களைப் பாராட்டினோம். வெள்ளம் எவ்வளவு விரைவாக வந்தது என்பதை மறந்துவிட்டோம். கிளியூர் அருவிக்கு ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் வருகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே எங்கோ பெய்த மழை உங்களை வந்து சேரும்.

நீங்கள் படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பிகளே. கைபேசியை நீரில் இறங்காமலேயே பார்வையிடத்தின் கம்பியில் அழுத்தி வைத்து எடுத்துப் பாருங்கள், பட்டு நூல் அருவி அங்கிருந்தே கிடைக்கும். நீண்ட லென்ஸ் வேண்டுமென்றால் ஞாயிறு காலையில் கடைக்கு வாருங்கள், பொறுப்போடு கொண்டுவந்து கொடுப்பவருக்கு என்னுடையதைத் தருகிறேன். பாறை ஈரமாக இருந்தால் ஏறாதீர்கள். தடுப்பைத் தாண்டாதீர்கள். செல்ஃபிக்காக நீருக்கு முதுகைக் காட்டி நிற்கவே நிற்காதீர்கள்.

குழுவாகப் போனால், ஒருவர் படம் எடுக்கட்டும், இன்னொருவர் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கரையில் காய்ந்த கல் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் கனத்தாலும், அந்தக் கல் நனைந்தாலும் அவர் கத்த வேண்டும். அவர் கத்தியவுடன் எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். செருப்பை எடுக்க நிற்காதீர்கள்.